மட்டக்களப்பில் இனிப்புத் தேடுவோருக்கு: யாரிடம், எப்போது, எப்படி வாங்குவது

மட்டக்களப்புக்குப் படிக்கவோ, இடமாற்றத்தில் வேலைக்கோ, சில நாட்கள் தங்கிச் செல்லவோ வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கிற கேள்விகளில் ஒன்று, நல்ல இனிப்பு எங்கே கிடைக்கும் என்பது. ஒரு கடையின் பெயரைச் சொல்லி இந்தக் கேள்விக்குப் பதில் கூறிவிட முடியாது. நகரத்துப் பேக்கரியின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவை இந்த மாவட்டத்து இனிப்புகளில் ஒரு சிறு பங்குதான். தயிர் படுவான்கரையிலிருந்து வருகிறது, மஸ்கட்டும் தொதலும் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கிண்டப்படுகின்றன, மோதகமும் பயற்றம் பணியாரமும் வீட்டு அடுப்பை விட்டு அதிகம் வெளியே வருவதில்லை, கச்சான் அல்வா கோயில் திருவிழாவோடு வந்து திருவிழாவோடு போய்விடுகிறது. ஆகவே எந்த இனிப்பை யார் செய்கிறார்கள், எந்த நேரத்தில் விற்கிறார்கள் என்பதை அறிந்துகொண்டு புறப்படுவது வீண் அலைச்சலைக் குறைக்கும்.

முதற் படி: ஊர்களை அறிந்துகொள்ளுதல்

மட்டக்களப்பு வாவி மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. கடற்கரைப் பக்கம் எழுவான்கரை, வயலும் மேய்ச்சல் நிலமும் உள்ள மேற்குப் பக்கம் படுவான்கரை. நகரத்தின் பழைய மையமான புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்தது. அங்கிருந்து கோட்டமுனைப் பக்கம் வந்தால் பெரிய கடைகளும் சுப்பர் மார்க்கட்டுகளும் உள்ள திருகோணமலை வீதி வரும். கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றால், நகரத்திலிருந்து சுமார் 6 கிலோமீற்றரில் காத்தான்குடியும், அதே கரையோர வீதியில் மேலும் தொடர்ந்தால் அம்பாறை மாவட்டத்துக் கல்முனையும் வருகின்றன. வடக்கே ஏறாவூர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் தங்கியிருப்பவர்களுக்கு நகரத்தை விட ஏறாவூரே அண்மையானது என்பதால், அவர்கள் கீழே காத்தான்குடியைப் பற்றிச் சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதியை ஏறாவூருக்கும் பொருத்திக்கொள்ளலாம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வருகிறவர்களுக்கு அக்கரைப்பற்றும் கல்முனையும் அதே வேலையைச் செய்யும்.

இரண்டாம் படி: தயிரிலிருந்து தொடங்குதல்

புதிதாக வருகிறவர் முதலில் உண்ண வேண்டியது எருமைத் தயிரும் பாணியும் என்பது என் கருத்து. மற்ற இனிப்புகளை வேறு ஊர்களிலும் ஓரளவு நல்ல தரத்தில் பெறலாம். ஆனால் மண்சட்டியில் உறைந்த நல்ல எருமைத் தயிரை அது உறைந்த ஊருக்கு அருகிலேயே உண்ண வேண்டும்.

காய்ச்சிய பாலை இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, உறை சேர்த்துச் சட்டியில் ஊற்றி இரவு முழுவதும் அசைக்காமல் வைக்கிறார்கள். சுட்ட மண் நுண்துளைகள் கொண்டது. தயிரின் நீரை அது மெதுவாக உறிஞ்சிக்கொள்வதால் தயிர் இறுகுகிறது. பசுப்பாலில் சுமார் 4 வீதக் கொழுப்பு இருக்கும்போது எருமைப்பாலில் 7 வீதத்துக்குக் குறையாமல் இருப்பது இன்னொரு காரணம். பிளாஸ்டிக் கோப்பையில் அடைத்து வரும் தயிரில் கொழுப்பு இருக்கலாம், இறுக்கம் அப்படி இருக்காது.

வாங்கும்போது மூன்று விடயங்களைப் பாருங்கள். நிறம் முதலாவது: எருமைப்பால் கலப்பற்ற வெள்ளை நிறமுடையது, ஏனெனில் பசுப்பாலுக்கு இலேசான மஞ்சளைத் தருகிற கரோட்டின் அதில் தங்குவதில்லை. எருமைத் தயிர் என்று சொல்லி விற்கப்படும் சட்டியின் மேல்ஆடை மஞ்சளாகத் தெரிந்தால் பசுப்பால் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். அது கெட்ட தயிர் அல்ல, ஆனால் எருமைத் தயிருக்கான விலையை அதற்குக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது இறுக்கம்: பழகிய விற்பனையாளர் கேளாமலேயே கடதாசியை நீக்கிச் சட்டியைச் சற்றுச் சரித்துக் காட்டுவார், நல்ல தயிர் விளிம்பை விட்டு அசையாது, ஓரத்தில் ஒரு கோடு நீர் மட்டும் கசியும். மூன்றாவது நாள். "இண்டைக்குத் திறந்ததா, நேத்தையதா?" என்று தயங்காமல் கேளுங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு நாள் கடந்த தயிர் சோற்றுக்கும் மோருக்கும் நல்லது, பாணி ஊற்றி உண்பதற்குப் புளிப்பு மிகுந்துவிடும். காலையில் வாங்குவதே எப்போதும் சரி. நெடுஞ்சாலை ஓரத்தில் பந்தலிட்டு வைத்திருப்பவர்களிடம் வாங்கினால், வெயில் படும் முன்வரிசைச் சட்டியை விட்டு நிழலில் இருப்பதைக் கேளுங்கள்.

பாணி தனிக் கதை. கித்துள் மரம் மழை மிகுந்த மலைநாட்டுக்குரியது. இரத்தினபுரி, கேகாலை, கண்டிப் பக்கங்களில் பூந்தண்டைச் சீவி இறக்கும் பதநீரைக் காய்ச்சிப் பாணி எடுக்கிறார்கள். மட்டக்களப்புக்கு அது வெளியூர்ச் சரக்கு. போத்தலில் வருகிறது, போத்தலில் வருவதால் சீனிப்பாகும் அதன் பெயரில் வருகிறது. சுட்டுத்துண்டில் "கித்துள் பாணி" என்று இருக்கிறதா, வெறுமனே "பாணி" என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பின்பக்கத்துச் சேர்மானங்களில் சீனி எழுதப்பட்டிருந்தால் அது கலவை. நல்ல கித்துள் பாணியில் விறகுப் புகையின் மணம் இலேசாக இருக்கும், இனிப்பின் பின்னால் மெல்லிய கசப்பொன்று வந்து போகும். தண்ணீரில் விட்டுப் பார்த்தல், கடதாசியில் தடவிப் பார்த்தல் போன்ற சோதனைகளை நான் நம்புவதில்லை. நாக்கையும் விலையையும் நம்புகிறேன். கித்துள் பாணி கிடைக்காதபோது பனங்கட்டியைச் சீவித் தூவிக்கொள்வது சீனிப்பாகை விட எவ்வளவோ மேல்.

மூன்றாம் படி: காத்தான்குடிக்கு ஒரு மாலை

கல்முனைப் பக்கம் செல்லும் எந்தப் பேருந்திலும் ஏறிக் காத்தான்குடியில் இறங்கலாம். பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்கள் தெரிந்ததும் இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது என்று கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகல் முழுவதும் உணவுக்கடைகள் திறப்பதில்லை, ஆனால் அஸர் எனப்படும் பிற்பகல் தொழுகைக்குப் பின்னர் வீதியோரம் முழுவதும் மேசைகள் போடப்பட்டு, ஆண்டின் வேறெந்த நாளிலும் காணாத அளவுக்குப் பலகாரங்கள் வரும். கடைக்காரர் வயதில் மூத்தவரானால் "காக்கா" என்று அழைத்துக் கேட்பது இங்குள்ள வழக்கம். வயது தெரியாத இளைஞரானால் "தம்பி" போதும்.

இங்கே முதலில் தேட வேண்டியது வட்டிலப்பம். ஒல்லாந்தர் காலத்தில் இலங்கைக்கு வந்த மலாய் மக்களின் சமையலிலிருந்து முஸ்லிம் வீடுகளுக்குப் பரவி, இன்று பெருநாளும் கலியாணமும் இல்லாமல் நடக்காது என்ற நிலைக்கு வந்த இனிப்பு இது. முட்டை, கித்துள் கருப்பட்டி, கெட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், சாதிக்காய் ஆகியவற்றைக் கலந்து, வடிகட்டி, ஆவியில் அவிக்கிறார்கள். மேலே மரமுந்திரிகைப் பருப்பு. கரண்டியால் வெட்டிப் பார்க்கும்போது வெட்டு முகத்தில் சிறு சிறு துளைகள் தெரிந்து, அந்தத் துளைகளிலிருந்து கருப்பட்டிச் சாறு கசிந்து கோப்பையின் அடியில் தேங்கினால் அது கை தேர்ந்தவர் செய்தது. துளையே இல்லாமல் வழுவழுப்பாக, இரப்பரைப் போல இழுபட்டால் மா சேர்த்திருக்கிறார்கள் அல்லது கருப்பட்டியைச் சுருக்கிச் சீனியைக் கூட்டியிருக்கிறார்கள். கடையில் சிறு கோப்பைகளில் குளிரூட்டி விற்பார்கள். பெரிய தட்டாக வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். வீட்டில் செய்து கொடுக்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களிடம் அழைத்துச் செல்லப் பழகிய ஒருவர் தேவை. உடன் வேலை செய்பவரிடமோ வாடகை வீட்டுக்காரரிடமோ கேட்டால் வழி பிறந்துவிடும்.

அடுத்தது மஸ்கட். ஓமானின் துறைமுகப் பெயரைத் தாங்கிய இந்த அல்வாவைச் செய்வதற்குக் கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கசக்கிப் பாலெடுத்து, சக்கையை நீக்கி, அந்தப் பாலைச் சீனியோடும் நெய்யோடும் பெரிய தாச்சியில் கண்ணாடிபோலத் தெளியும் வரை கிண்ட வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் இருக்கும். நிறம் மிகாததைத் தெரிவு செய்வதே நல்லது, ஏனென்றால் சாயத்தின் கீழ் நெய்யின் மணம் தெரியாது. தொதல் இதைவிடக் கடினமான வேலை. அரிசிமா, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் அடுப்பிலேற்றினால் பல மணி நேரம் கை ஓயாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். முதலில் கஞ்சியாகக் கொதித்து, பிறகு கறுத்து, தேங்காயெண்ணெய் பிரிந்து ஓரங்களில் மினுங்கத் தொடங்கி, முடிவில் முழுத் திரளும் தாச்சியை விட்டுக் கழன்று துடுப்போடு சேர்ந்து சுழலும்போதுதான் இறக்குவார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தொதோல் என்று இதே பண்டத்தை உண்டு பழகியவர்கள் இங்கே உறவினரைக் கண்ட மகிழ்ச்சியோடு வாங்குவார்கள். ஒரு துண்டைச் சுவைக்கக் கேளுங்கள், கொடுப்பார்கள். பல்லில் ஒட்டாமல் இழுபட்டால் வாங்கலாம். மாவின் மணம் வந்தால் அரைவேக்காடு.

மஸ்கட், தொதல், பூந்தி, உழுந்துமாவைச் சுற்றிப் பொரித்துப் பாகில் ஊறவைத்த தேன்குழல் ஆகிய எல்லாம் நிறுத்து விற்கப்படுபவை. "கால் கிலோ கலந்து போடுங்க" என்று கேட்டால் நான்கைந்து வகைகளை ஒரே பெட்டியில் பெறலாம். முதல் முறைக்கு அதுவே சிக்கனமான வழி. பாகு வடியும் தேன்குழலை மட்டும் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.

நான்காம் படி: உணவகங்களும் கூல் பார்களும்

உணவகத்தில் இனிப்பைத் தேடும்போது எதிர்பார்ப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலான இடங்களில் சோறு அல்லது கொத்து ரொட்டிக்குப் பின் கிடைப்பவை ஐஸ் கிறீம், கரமல் புடிங், பழக்கலவை, இருந்தால் வட்டிலப்பம் என்ற அளவில் நின்றுவிடும். சைவக் கடைகளில் பிற்பகல் மூன்று மணிக்குப் பின்னர் வடையோடு சுசியம், மோதகம் வரும். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டில் சில இடங்களில் பாயசம் இருக்கும். இலட்டு, குலாப் ஜாமுன், மைசூர்பாகு போன்ற இந்திய வகைகளும் இத்தகைய கடைகளிலேயே கிடைக்கும். மாலையில் வீதியோரத்தில் அப்பம் சுடும் அம்மாவிடம் பாலப்பம் கேட்பது பலருக்குத் தோன்றுவதில்லை. தாச்சியின் நடுவில் கெட்டிப்பாலும் சீனியும் விட்டு மூடி எடுக்கும் அந்த அப்பத்தை அடுப்படியில் நின்றபடி உண்ண வேண்டும். "என்ன மனே, பாலப்பமா?" என்று அவர் கேட்டால் உங்களை ஊரோடு சேர்த்துக்கொண்டார் என்று பொருள்.

பலூடாவுக்குக் கூல் பார்கள் எனப்படும் குளிர்பானக் கடைகளே இடம். பாரசீகத்திலிருந்து இந்தியா வழியாக வந்த இந்தப் பானம் இங்கே ரோசாப் பாணி, பால், நீரில் ஊறிய கசகசா (இங்கே அது திருநீற்றுப்பச்சை விதை), ஜெலித் துண்டுகள், மேலே ஒரு கரண்டி ஐஸ் கிறீம் என்ற வடிவத்தில் கிடைக்கும். சீனி அளவைக் குறைக்க விரும்புவோர் பாணியைப் பாதியாக விடச் சொல்ல வேண்டும், இல்லையேல் அடிக் கோப்பை முழுவதும் சிவப்புப் பாகுதான். சீன, தாய்லாந்து வகை இனிப்புகளைத் தயாரித்த நிலையில் நகரத்தில் தேடுவது பெரும்பாலும் பயனற்றது; பாசிக்குடாவின் சுற்றுலா விடுதிகளிலும், சித்திரைக்குப் பின் வெளிநாட்டவர் கூடும் அறுகம்பைப் பக்கத்திலும் ஓரளவு வாய்ப்புண்டு.

ஐந்தாம் படி: பேக்கரி

இதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கிம்புலா பணிஸ், ஜாம் பணிஸ், பட்டர் கேக் ஆகியவை காலையிலும் மாலை நான்கு மணியளவிலும் சூடாக வரும், அந்த நேரத்தில் வாங்கினால் நன்றாக இருக்கும். இசையோடு வீதி வீதியாக வரும் சூன் பாண் முச்சக்கர வண்டி இவற்றை வாசலுக்கே கொண்டுவரும். நிறக் கிறீம் பூசிய கேக்குகளில் எனக்கு ஈடுபாடில்லை. ரவை, மரமுந்திரிகை, பூசணிப் பாகு, பன்னீர் சேர்ந்த லவ் கேக் மட்டும் விதிவிலக்கு. மட்டக்களப்பில் இன்றும் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைக் காத்துவரும் பறங்கியர் சமூகம் இருக்கிறது. நத்தாரை ஒட்டிய வாரங்களில் அத்தகைய வீடுகளின் அறிமுகம் கிடைத்தால் பேக்கரியில் விற்கும் லவ் கேக்கை மறந்துவிடுவீர்கள்.

ஆறாம் படி: பலசரக்குக் கடையும் சந்தையும்

தென்கிழக்காசிய இனிப்புகளுக்கு ஏங்குகிறவர்களுக்கு உண்மையான வழி இதுதான், ஏனெனில் அவற்றின் மூலப்பொருட்கள் பெரும்பாலும் இங்கே வேறு காரணத்துக்காக விற்கப்படுகின்றன. பாண்டான் இலை என்று மலேசியர் இனிப்பில் மணத்துக்குச் சேர்ப்பது, நாம் கறிக்குப் போடும் அதே ரம்பைதான். பொதுச் சந்தையில் கறிவேப்பிலையோடு சேர்த்துக் கட்டாக விற்பார்கள். சவ்வரிசியை அவித்து, முதற்பாலும் உருக்கிய கித்துள் கருப்பட்டியும் ஊற்றினால் மலாக்காவின் சவ்வரிசி இனிப்புக்கு மிக நெருங்கிய ஒன்று கிடைத்துவிடும். தேங்காய்ப்பாலை மாப் பக்கற்றில் வாங்காமல் தேங்காய் துருவிப் பிழிந்து எடுங்கள். இந்த ஊரில் அதற்குச் சாக்குப்போக்குச் சொல்ல முடியாது. சிவப்புச் சீனி வேண்டுவோர் அம்பாறை மாவட்டத்து ஹிங்குராண ஆலையின் சீனியைக் கேட்டுப் பார்க்கலாம்.

கடற்பாசியைப் பற்றி ஒரு குறிப்பு. காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் இழையாகவும் தூளாகவும் கிடைக்கும். நோன்பு காலத்தில் முன்வரிசைக்கே வந்துவிடும். ஜெலட்டின் நம் ஊர் வெப்பத்தில் மேசையிலேயே இளகிவிடும். கடற்பாசியோ 35 முதல் 40 பாகை வெப்பத்திலேயே உறைந்து, பின்னர் 85 பாகை அளவுக்குச் சூடேற்றினால் மட்டுமே உருகும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வாடகை அறையில் தங்கியிருக்கும் மாணவர்கூட அதை வைத்து இளநீர்ப் புடிங் செய்துவிடலாம். மேலும் அது தாவரப் பொருள், ஆகவே சைவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தயக்கம் இல்லை. ஜெலட்டின் பக்கற் வாங்கும் முஸ்லிம்கள் ஹலால் முத்திரையைப் பார்க்க வேண்டும். முட்டையைத் தவிர்க்கும் சைவர்கள் வட்டிலப்பம், கரமல் புடிங், கேக் மூன்றிலும் முட்டை உண்டென்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

போத்தலில் அடைத்த இனிப்புப் பானங்களில் 2016 முதல் சீனி அளவைக் காட்டும் நிறவட்டம் இடப்படுகிறது: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேலானால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், அதற்கும் குறைந்தால் பச்சை. நீரிழிவுள்ளவர்களுக்கு உதவும்; நிறுத்து வாங்கும் தொதலில் வட்டம் இல்லை, அது சிவப்பென்றே எண்ணிக்கொள்ளலாம்.

ஏழாம் படி: நாட்காட்டியைப் பார்த்தல்

கடையில் வருடம் முழுவதும் கேட்டும் கிடைக்காத சில இனிப்புகள், உரிய மாதத்தில் கேளாமலே வீடு தேடி வரும். தைப்பொங்கலில் புக்கை, சித்திரைப் புத்தாண்டில் பயற்றம் பணியாரமும் அச்சுப்பலகாரமும், வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கின்போது கோயிற் புக்கை, ஆடி ஆவணியில் பனம்பழம் விழும்போது பனங்காய்ப் பணியாரம். சித்திரையில் அம்பாறை நகரப் பக்கம் செல்கிறவர்கள் சிங்கள வீடுகளிலும் கடைகளிலும் கெவுன், கொக்கிஸ், அஸ்மி ஆகியவற்றைச் சுவைக்கத் தவறக்கூடாது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாட்கள் முன்னால் நகர்வதால் அவற்றை அந்தந்த ஆண்டு நாட்காட்டியில்தான் பார்க்க வேண்டும்.

திருவிழாக் கடைகளுக்கு ஒரு மாலையை ஒதுக்குங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தை ஒட்டி அமிர்தகழி மாமாங்கேசுவரர் ஆலயத்தைச் சுற்றியும், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் தேரின்போதும் கச்சான் கடைகள் வரிசையாக முளைக்கும். மணலோடு வறுத்த கச்சானை விற்கும் அதே பெண்கள்தான் கச்சான் அல்வாவையும் எள்ளுருண்டையையும் வைத்திருப்பார்கள். கச்சான் அல்வா உடைக்கும்போது "படக்" என்று ஓசை வர வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியது. திருவிழாவின் கடைசி நாளில் விலை இறங்கும், சரக்கும் பழசாக இருக்கும். நடுநாட்களே வாங்கத் தகுந்தவை.

ஊருக்குக் கொண்டு செல்வோருக்கு

உதயதேவி ரயிலில் கொழும்புக்கு ஏறுகிறவர்கள் தொதலையும் மஸ்கட்டையும் தாராளமாக எடுத்துச் செல்லலாம். எண்ணெய் ஊறாமல் இருக்க நெகிழித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடைத்தால் பல நாள் தாங்கும். கச்சான் அல்வா, எள்ளுருண்டை, அச்சுப்பலகாரம் ஆகியவற்றுக்குக் காற்றுப் புகாத டின் தேவை. கார்த்திகை, மார்கழி மழையில் திறந்து வைத்தால் ஒரே இரவில் நமுத்துவிடும். வட்டிலப்பத்தை அன்றே உண்பதற்குத் தவிர எடுத்துச் செல்ல வேண்டாம். தயிரைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும் என்றால், புறப்படும் நாளன்று காலையில் திறந்த சட்டியை வாங்கி, விற்பவரிடமே வாயைக் கட்டச் சொல்லி, கயிற்று உறியில் கையிலேயே தூக்கிச் செல்லுங்கள். இருக்கைக்கு மேலுள்ள பொதித்தட்டில் வைத்தால் வெலிக்கந்தை வருவதற்கு முன்பே நீர் கீழே இருப்பவர் தலையில் சொட்டத் தொடங்கும்.